உன் பேச்சில் வரும் அந்த அட்டெண்டர்

கண்ணு,

முந்தாநாள் போனில், "அந்த கான்ஃபரன்ஸ் பேச்சை வாபஸ் வாங்கிக்கலாம்னு இருக்கேம்பா, டைம் இல்ல" என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது. அதில் நீ அப்படியே உன் அம்மா. நானாக இருந்தால் அந்த ஒரு வரிக்கே ஒரு கொடுங்கோல் மேனேஜர், ஒரு திடீர் ஆடிட், நிற்க முடியாத காய்ச்சல் எல்லாவற்றையும் ஜோடித்துச் சொல்லியிருப்பேன். நீ "டைம் இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் எதையாவது கேட்டுவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அது பெங்களூரிலிருந்து வெள்ளானூர் வரைக்கும் கேட்டது. நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "சரிடா, வேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டேன். அந்தப் பேச்சு எதைப் பற்றியது, அதில் வருகிற ஆள் யார் என்பதெல்லாம் எனக்கு அதற்கு முன்பே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சொன்னவன் மூன்றாவது மாடி பாஸ்கர். உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நம் பிளாட்டுக்குக் குடிவந்தவன், உன்னை மாதிரியே ஐ.டி. அவனும் அதே கான்ஃபரன்ஸில் பேச விண்ணப்பம் போட்டிருக்கிறான், தள்ளிவிட்டார்கள். அசோசியேஷன் தேர்தலில் தோற்றவர், புதுச் செயலாளர் போட்ட குழாயை எல்லாம் தினமும் திருகிப் பார்ப்பாரே, அதே வயிற்றெரிச்சலோடு, தேர்வானவர்களின் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தத் தளத்தில் எல்லாருடைய விண்ணப்பத்தையும் எல்லாரும் படிக்கலாமாம், அடியில் கேள்வியும் கேட்கலாமாம். தேர்வாகிற வரைக்கும் எழுதியவர் பெயரை மறைத்து வைத்திருப்பார்களாம். முகம் தெரிந்தால் தேர்வுக் குழுவுக்குச் சலுகை காட்டத் தோன்றும் என்பதற்காகவாம். தேர்வானதும் பெயரும் படமும் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு வந்து, "அங்கிள், இது உங்க பொண்ணுதானே? செலக்ட் ஆயிட்டாங்க, ஸ்வீட் எங்க?" என்றான். நான் சர்க்கரை டப்பாவைக் காட்டினேன். பிறகு பெருமை தாங்காமல், "எல்லாத்தையும் தமிழ்ல சொல்லு தம்பி, ஒரு வரி விடாத" என்றேன். அப்படி நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

அவன் படித்தான். ஒரு நோயாளிக்குக் கழுத்துக் கட்டியில் ஊசி வைத்துப் பரிசோதனை. முடிவு தயார் என்ற குறுஞ்செய்தி உங்கள் கம்பெனி வழியாகத்தான் போனது. போய்ச் சேர்ந்ததாக உங்கள் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நோயாளியோடு போன அட்டெண்டர், அதாவது புருஷன், அதைப் பார்க்கவில்லை. நோயாளி இன்று உயிரோடு இல்லை. நாங்கள் பச்சையை எண்ணினோம், படித்தவர்களை எண்ணவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். அடியில் யாரோ ஒருவர் கேட்டிருந்தார், அந்த அட்டெண்டர் அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று. அட்டெண்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு முழுக்க எங்களுடையது என்று நீ பதில் போட்டிருந்தாய். அதற்குக் கீழே தேர்வுக் குழு கேட்டிருந்தது, இது உண்மையில் நடந்ததா, நடந்தது என்றால் அந்தக் குடும்பத்தின் சம்மதம் இருக்கிறதா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும், இல்லையென்றால் இந்தச் சம்பவத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று. அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. அதற்குப் பதில்தான் "டைம் இல்ல" என்று எனக்கு வந்திருக்கிறது.

பாஸ்கர் லேப்டாப்பை மூடிவிட்டு, "எவனோ ஒரு சோம்பேறி, அங்கிள். பொண்டாட்டி ரிப்போர்ட்டுனா ஒரு மெசேஜப் பாக்க மாட்டானா?" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும், பாவம். நானும் காபியை ஆற்றிக்கொண்டே, "ஆமா தம்பி, சில ஆளுங்க அப்படித்தான்" என்றேன். அவன் போன பிறகு டம்ளரைக் கழுவினேன். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த விண்ணப்பம் போடுகிற கூத்தை நீ ஆரம்பித்தபோது நம் வீட்டில் சிரிப்பாக இருந்தது, ஞாபகமிருக்கிறதா? முதல் தடவை நீ எழுதியதை எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாய். தலைப்பு, சுருக்கம், குழுவுக்கு மட்டும் தனிக் குறிப்பு, உன்னைப் பற்றி நாலு வரி, அப்புறம் கேட்பவர்கள் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பகுதி. "இது என்ன, தாம்பூலப் பையா?" என்று நான் கேட்டேன். உன் அம்மா நசரத்பேட்டை கார்மென்ட்ஸில் ஷிப்ட் முடித்து வந்த அசதியில் இருந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாடி இது, நீ பேசறதுக்கு நீயே மனு போடணுமா? உங்கப்பாரு ஒருத்தருக்கும் மனு குடுக்கல, அவரு பாட்டுக்குப் பேசிகினேதான கீறாரு" என்றாள். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாய். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான செய்திகளை அனுப்புவது எப்படி என்பது உன் தலைப்பு. தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு மிகச் சிறந்த விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தன, வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று கடிதம் வந்தது. பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்புகிறவர்கள் ஆங்கிலம் படித்திருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் சொன்னேன்.

இரண்டாவது தடவையும் தள்ளினார்கள். ஆனால் அந்தத் தடவை ஒரு வரி குறிப்பு எழுதியிருந்தார்கள், விஷயம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்பது தெரியவில்லை என்று. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் நான், பொங்கல் விழா மேடையில் மைக் பிடித்த அனுபவசாலி, உனக்கு அறிவுரை சொன்னேன். "முதல் வரியிலயே ஒரு ஆளக் கொண்டாந்து நிறுத்துடா. மிஷினப் பத்திப் பேசினா எவனும் போனைக் கீழ வெக்க மாட்டான். ஒரு ஆளுக்கு ஒண்ணு ஆச்சுனு சொல்லு, நிமிந்து பாப்பான்." நீ அதைக் குறித்துக்கொண்டாய். அப்பா சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்கிற பெண் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறாள், சொல்லு. மூன்றாவது விண்ணப்பத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினாய். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டவருக்கு நீ பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். உன் அம்மாவுக்குப் பூந்தமல்லி பரிசோதனைக் கூடத்தில் ஊசி வைத்துக் கூட்டி வந்த அடுத்த வாரம் நம் பிளாட்டில் பொங்கல் விழா. நான்தான் தொகுப்பாளர். ஜோக் சேகரித்துக்கொண்டிருந்தேன். என் போனில் அப்போது வந்துகொண்டிருந்தவை காலை வணக்கம், ரோஜாப்பூ, பிளாட் விற்பனை, கடன் வேண்டுமா, ஜோக், ஜோக்குக்குக் கை தட்டல். அதே பரிசோதனைக் கூடத்திலிருந்து முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று தினம் ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி பெரிய ஆங்கில எழுத்தில், ஒரே பெயரில். எது நம்முடையது என்று யார் பிரித்துப் பார்ப்பது? திரையில் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிற ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை நான் ரொம்பப் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். உன் அம்மா இரண்டு மூன்று தடவை கேட்டாள், "யோவ், ரிப்போர்ட்டு வந்துச்சா?" என்று. "ஏதாச்சும் இருந்தா அவங்களே போன் பண்ணிக் கூப்பிட்டிருப்பாங்க. ஒண்ணும் வரலைனா ஒண்ணும் இல்லைனு அர்த்தம்" என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன் என்பதுதான் கொடுமை. அந்த வருஷம் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உன் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, சால்வையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டு, எல்லா ஜோக்குக்கும் சிரித்தாள்.

இதில் சிரிக்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. நான் என்ன வேலை பார்க்கிறேன்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்கீப்பர். லாரி வந்து சரக்கை வாசலில் இறக்கிவிட்டால் அது வந்து சேர்ந்ததாகக் கணக்கில்லை. நான் பெட்டியைத் திறந்து, எண்ணி, உடைசல் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் வந்ததாகக் கணக்கு. இந்தக் கெடுபிடிக்காக லாரி டிரைவர் ஏழுமலையிடம் நான் வாங்காத ஏச்சு கிடையாது. "இன்னா நைனா, ஒரு கையெழுத்துக்கு இம்மாந் நேரமா நிக்க வெச்சிகினு கீற? சரக்குதான் உன் வாசல்ல கீதே" என்பான். "வாசல்ல கிடந்தா எனக்கு வரலைப்பா" என்பேன். இத்தனை வருஷமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். நட்டு, போல்ட்டுக்குக் காட்டின அக்கறை அது. வீட்டு வாசலில் வந்து கிடந்ததைத் திறந்து பார்க்கவில்லை. உன் பேச்சில் பச்சை விளக்கில் என்ன தப்பு என்று விளக்க ஏதோ படம் போட்டிருக்கிறாயாம், பாஸ்கர் சொன்னான், அவனுக்கே புரியவில்லையாம். அதை எடுத்துவிட்டு ஏழுமலையின் லாரியைப் போடு. கேட்டவுடனே புரியும். அந்த ஸ்டோர்கீப்பர் யார் என்பதையும் சொல்லு.

பிற்பாடு அவளைக் கூட்டிப்போன பெரிய ஆஸ்பத்திரியின் நடைபாதையை நீ மறந்திருக்க மாட்டாய். பழைய பரிசோதனை முடிவு எங்கே என்று டாக்டர் கேட்டார். வரவே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். நீ என் போனை வாங்கித் தேடினாய். ரோஜாப்பூக்களையும் கடன்களையும் தாண்டி உன் விரல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றது. திறந்து படித்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் அப்போது எதிர்பார்த்தது ஒரு கத்தல். அல்லது ஒரு அறை, அப்பா என்றும் பார்க்காமல். நீ போனை அணைத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "உள்ள போலாம்பா, டாக்டர் வெயிட் பண்றாரு" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளுக்குக் கீமோ கொடுத்தபோது, முடி கொட்டியபோது, அவள் பால்கூட விழுங்க முடியாமல் கிடந்தபோது, காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபோது, எப்போதுமே அந்தச் செய்தியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ வேலையை மாற்றிக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ அதே வேலையில்தான் இருக்கிறாய், ஊரை மட்டும் மாற்றிக்கொண்டாய். நடுவில் ஒரு நாள் உன் ஆபீஸில் உட்கார்ந்து அந்தத் தேதியைப் போட்டு உன் அம்மாவின் செய்தியைத் தேடிப் பார்த்திருக்கிறாய், பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. அதை நீ தனியாகப் பார்த்திருக்கிறாய் என்பது எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று சொல்கிறேன். என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒரு குழுவிடம் சொல்லியிருக்கிறாய். முதலில் எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். என்னிடம் எப்படிச் சொல்வாய்? எதைச் சொல்ல வந்தாலும் ஒரு ஜோக்கைக் குறுக்கே போட்டு வழியை அடைத்துவிடுகிற ஆள் நான். பெயரை மறைத்து எழுதலாம், கேட்கிறவன் நடுவில் பேச முடியாது, சொல்ல வேண்டியதை இத்தனை வார்த்தைக்குள் சொல் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் உனக்குக் கிடைக்காத வசதி எல்லாம் அந்த விண்ணப்பத்தில் கிடைத்திருக்கிறது. ஆனால் அதில்கூட நீ என்னைக் காப்பாற்றித்தான் எழுதியிருக்கிறாய். அட்டெண்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதியதை நீயே நம்பவில்லை. நம்பியிருந்தால் என்னிடம் வந்து, அப்பா, உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டிருப்பாய். பழி முழுவதையும் உன் கம்பெனிமேல், அதாவது உன்மேல் போட்டுக்கொள்கிறாய். அதை இறக்கி வை. உன்னுடையது எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொள். மிச்சத்துக்கு நான் உயிரோடுதான் இருக்கிறேன். அன்றே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். நான் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முயற்சி பண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. நீயும் முயற்சி பண்ணாதே.

உன் விண்ணப்பத்தில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அது நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும், அன்றைக்கு நீ கூட வரவில்லை. செய்தியைத் திறக்காவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும், அப்புறம் ஒரு மனுஷன் போன் பண்ணிப் பேச வேண்டும் என்றெல்லாம் தீர்வு எழுதியிருக்கிறாய். நல்லதுதான். ஆனால் மறுபடி அனுப்பினாலும் அது யாருக்குப் போயிருக்கும்? எனக்கு. போன் பண்ணினாலும் யார் எடுத்திருப்பார்கள்? எடுத்தால் நான். பூந்தமல்லியில் கவுன்டரில் இருந்த பெண் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள், "நம்பர் சொல்லுங்கம்மா" என்று. உன் அம்மா "தொண்ணூத்தி" என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து என் நம்பரைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. கேஸ் சிலிண்டர் என் நம்பர், ரேஷன் கார்டு என் நம்பர், அவள் பெயரில் இருக்கிற பேங்க் கணக்குக்கே ஓடிபி என் போனுக்குத்தான் வரும். நம் தெருவில் எந்த வீட்டில்தான் வேறு மாதிரி? அந்தப் பெண்ணும் நான் சொன்னதைத்தான் அடித்துக்கொண்டாள். உன் அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டு கைப்பையை மூடினாள்.

அந்தக் கைப்பைக்குள் அவளுடைய போன் இருந்தது. அவள் அந்தப் போனுக்கு வருகிற ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ரீசார்ஜ் விளம்பரம் உட்பட. புரியாத இங்கிலீஷ் வந்தால் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் பெண்ணிடம் காட்டிக் கேட்பாள். ஸ்டோருக்குப் போன் போட்டு, "யோவ், எனக்கு இன்னாமோ பரிசா காரு உழுந்துகீதாம், லிங்க்க அமுக்கட்டா வேணாமா?" என்று கேட்பாள். நான் அதைப் பிளாட் விழாவில் ஜோக்காகச் சொல்லிக் கை தட்டல் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு ஒரே ஒரு செய்தி நேராகப் போயிருந்தால் அன்று மாலையே அதைத் திறந்திருப்பாள், சூப்பர்வைசரிடம் காட்டியிருப்பாள், மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் நின்றிருப்பாள். உங்கள் கம்பெனி, அந்தக் கூடம், நான், எல்லாரும் சேர்ந்து அவளுக்கு வந்த செய்தியை அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிவித்திருக்கிறோம். தாம்பூலப் பையில் இதைப் போட்டு அனுப்பு. நோயாளியைப் பார்த்துக் கேளுங்கள், பக்கத்தில் நிற்கிறவன் பதில் சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த அரங்கத்தில் நாலு பேர் இதைக் கேட்டுவிட்டுப் போய், தங்கள் திரையில் நோயாளியின் சொந்த நம்பருக்கென்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும், எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி பிழைப்பாள். பிழைக்காமலும் போகலாம். ஆனால் தெரிந்துகொண்டாவது போவாள்.

குழு கேட்ட சம்மதத்தை இதன் மூலம் கொடுக்கிறேன். அட்டெண்டர் என்று எழுதாதே, என் அப்பா என்று எழுது. பெயர் போட வேண்டுமானாலும் போடு. பாஸ்கர் படிப்பான், பிளாட் முழுக்கப் பரவும், வருகிற பொங்கலுக்கு என்னிடம் மைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் நான் வாங்கப்போவதில்லை.

அந்தத் தளத்தில் எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொண்டேன், பாஸ்கரிடம் ஏதோ சாக்கு சொல்லி. என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டவருக்குக் கீழே பதிலைத் தமிழிலேயே அடித்து வைத்திருக்கிறேன். அந்த அட்டெண்டர் நான்தான் என்று ஆரம்பிக்கிறது. அனுப்புகிற பொத்தானில் விரல் போய்விட்டது, எடுத்துவிட்டேன். உன் அம்மாவைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன், போதும். குழு கேட்டிருப்பது உன்னை. பேசுவதா வேண்டாமா, என்னை எவ்வளவு சொல்வது, நான் அரங்கத்துக்கு வரலாமா கூடாதா, எல்லாம் நீ சொல்லு. வேண்டாம் என்றால் அடித்ததை அழித்துவிடுகிறேன், அதற்காக உன்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இருக்காது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு. மெசேஜ் போடாதே, கூப்பிடு. நீ பேசு, இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

அப்பா